நான் அழித்த சிவப்புப் பொட்டு

என் ஸ்டெல்லா,

எடி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உனக்குச் சந்தோஷம் தரும் கடிதம் இல்லை. நீ போன இந்த இரண்டு வருஷமும் எழுதாததற்கு என் சோம்பல்தான் காரணம். இன்று எழுதுவதற்குப் பயம் காரணம். சனிக்கிழமை பின்னேரம், தையல் மெஷினை மூடி அதன் மேலேயே பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நாளைக்கு உன் மகள் ஜெனிக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். நாயாற்றுக் கோயிலில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். பதினொரு பேருக்கும் வெள்ளை உடுப்பு நான்தான் தைத்தேன், அதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் படம் எடுக்கப் போவதும் நான்தான். பயம் எல்லாம் அதில்தான்.

உனக்கு ஏனடி இந்த வேலை என்று கேட்பாய். உன் மனுசன் அன்ரன் அண்ணையும் அப்படித்தான் கேட்டார். முல்லைத்தீவில் இருந்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவோம் என்றார். நான்தான் வீறாப்பாக, இந்தக் கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நன்மைப் படம் எடுத்தவளின் பிள்ளைக்கு வெளி ஆளா என்று கேட்டேன். ஸ்டெல்லாவின் லென்ஸ் இருக்கிறது, நானே எடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஸ்டூடியோக்காரர் நாளைக்கு வேறு கோயிலுக்குப் போகிறாராம். இனி மனம் மாறியும் பிரயோசனம் இல்லை.

உனக்கும் எனக்கும் முதல் நன்மைப் படம் இல்லை. வீட்டில் இருந்த படங்களில் பாதியைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது, மீதியைச் சண்டைக்குப் பயந்து ஓடின ஓட்டத்தில் விட்டுவிட்டோம். அந்தக் கோபத்தில்தான் நீ கமராவைத் தூக்கினாய் என்று எனக்குத் தெரியும். ஊரையே எடுத்தாய். உன்னை ஒருவரும் எடுக்கவில்லை. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தோம். அதில் நீ யாரோ அதட்டின மாதிரி முழிக்கிறாய். இது அம்மா மாதிரி இல்லை என்று ஜெனி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உன் பெரிய கமரா நீ போன மாரியிலேயே உப்பீரம் பிடித்து நின்றுவிட்டது. லென்ஸ் மட்டும் பிஸ்கட் ரின் பெட்டிக்குள் நன்றாக இருந்தது. அன்ரன் அண்ணை அதை என்னிடம் தந்தார். நான் வவுனியாவுக்குப் போய், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது என்று சொன்ன ஒரு சின்னக் கமராவை லென்ஸ் இல்லாமல் வாங்கினேன். உன் லென்ஸைக் கடைக்காரனிடம் காட்டிக் கேட்டேன். இரண்டும் ஒரே கம்பெனி, கட்டாயம் பொருந்திப் பூட்டும் என்றான். பூட்டியது. ‘டக்’ என்ற அந்தச் சத்தத்தில் நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பிறகு பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. உன் கமராவில் கொர் என்று ஒரு சத்தம் வந்து, லென்ஸ் வளையம் தானாக ஓடி, முகம் தெளிந்து நிற்குமே? அது இல்லை. எதைப் பார்த்தாலும் மங்கலாகவே இருந்தது. கையால் திருப்பிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் ஒருதரம் நான் திருப்பப் போனபோது நீ போட்ட சத்தம் மறக்குமா? “எடி, அதைக் கையால திருகாத, உள்ளுக்க பல்லு உடைஞ்சிடும்” என்றாய். செத்த பிறகும் உனக்குப் பயந்துதான் இருந்தேன்.

அந்த நேரம்தான் வளையத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகளைக் கண்டேன். நகப்பூச்சு. ஜெனி விளையாட்டாக வைத்திருப்பாள், அது உள்ளே வழிந்து வளையத்தை ஒட்டிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். தையல்காரியின் புத்தி உனக்குத் தெரியும்தானே, கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் பஞ்சில் நனைத்து ஒரு பொட்டைத் துடைத்தேன். அடையாளமே இல்லாமல் போய்விட்டது. வளையம் அப்போதும் ஓடவில்லை. மற்றப் பொட்டைத் துடைக்கப் போனேன், போத்தலில் மருந்து முடிந்திருந்தது. மாதாவே, அது முடிந்ததே பெரிய காரியம்.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் லென்ஸை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அன்ரன் அண்ணையின் சைக்கிள் மணி கேட்டால் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன். உன்னுடைய பொருள் என்று மிஞ்சினதே அது ஒன்றுதானே? கடைசியில் அதைச் சால்வையில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். அங்கே கமரா திருத்துகிற ஒரு அண்ணை இருக்கிறார்.

அவர் இரண்டையும் கழற்றிப் பார்த்தார். சிரித்தார். “தங்கச்சி, லென்ஸில ஒரு பிழையும் இல்லை. உங்கட கமராவுக்குள்ளதான் மோட்டர் இல்லை” என்றார்.

லென்ஸின் பின்பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் திருகாணித் தலையில் இருக்கிற மாதிரி ஒரு சின்னப் பிளவு இருந்தது. திருத்தக் கிடந்த ஒரு பழைய பெரிய கமராவை எடுத்து லென்ஸ் பூட்டுகிற அதன் வாயையும் காட்டினார். அதில் திருப்புளி முனை போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனை அந்தப் பிளவுக்குள் போய்த்தான் வளையத்தைச் சுற்றுமாம். தொடக்கக்காரருக்கு என்று செய்கிற சின்னக் கமராக்களில் அந்த முனையே இல்லையாம். தனக்குள்ளேயே மோட்டர் வைத்திருக்கிற புது லென்ஸ்தான் அவற்றில் தானாக ஓடுமாம். கடைக்காரன் சொன்னது பொய் இல்லை, பூட்டும்தான். ஓடுமா என்று நான் கேட்கவில்லை.

பிறகு உன் லென்ஸை அந்தப் பெரிய கமராவில் பூட்டி அமுக்கினார். கொர் என்று சத்தம் வந்தது. கடைக்குள் வைத்தே அழுதுவிட்டேன், ஸ்டெல்லா. அவர் பயந்து எனக்கு உட்காரக் கதிரை போட்டார். “எஞ்சின் இல்லாத வள்ளம் எண்டு வையுங்கோ. துடுப்புப் போட்டா போகும்தானே? இந்தக் கமராவில நீங்கள் கையால திருப்பலாம், ஒண்டும் உடையாது” என்றார். முகம் தெளிந்ததும் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடிக்குள் கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அதைப் பார்த்து அமுக்குங்கோ என்று பழக்கியும் விட்டார்.

வீட்டுக்கு வந்து கோழியில் பழகினேன், கோழி நிற்கவில்லை. பச்சைப் புள்ளி எரிகிற நேரம் கோழி வேலிக்கு அப்பால் நிற்கும். நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் நன்மை கொடுக்கிற பங்குச் சுவாமிக்கு முன்னால் நிற்பது ஒரு கணம்தான். கமரா வெளிச்சம் அடிக்கக்கூடாது என்று சுவாமி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கோயிலுக்குள் எவ்வளவு இருட்டு என்று உனக்குத் தெரியும். திரும்ப ஒருக்கால் நன்மை வாங்கு பிள்ளை, படம் மங்கிப்போச்சு என்று கேட்க முடியுமா?

இன்று காலை ஒத்திகை. ஜெனி ஓடிவந்து லென்ஸைத் தடவிப் பார்த்தாள்.

“அன்ரி, மற்றப் பொட்டு எங்க?”

எந்தப் பொட்டு என்று நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

“அம்மா வச்ச பொட்டு. கோயிலுக்க இருட்டு எண்டு அம்மா மோட்டரை நிப்பாட்டிப்போட்டு இந்தப் பொட்டுக்குத்தான் திருப்பி வைக்கிறவா. என்னைத்தான் சுவாமிக்கு முன்னால நிக்க வச்சு அளந்தவா. கிளிக் கேக்குமட்டும் அசையக்கூடாது எண்டு சொல்லுவா.”

நீ இரண்டாவது தூணோடு சாய்ந்து நிற்பாயாம். என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் அளந்தேன், தூணில் இருந்து பிள்ளை நிற்கும் இடத்துக்கு எட்டு அடி. மிஞ்சின பொட்டு, வளையத்தில் எழுதியிருக்கிற அடி எண்களில் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் சரியாக அங்கேதான் இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. அழிந்த மற்றது என்னவென்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அது என்ர பொட்டு. வீட்டில என்னைக் கதிரையில இருத்தி எடுக்கிறது” என்றாள்.

“தேஞ்சு போச்சுப் போல” என்றேன்.

நேற்றுத்தான் அந்தப் பிள்ளை சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தது. அதனிடம் நான், ஞானஸ்நானத்தில் அதை ஏந்தி நின்ற ஞானத்தாய், கோயிலுக்குள் நின்று பொய் சொன்னேன். அவள் அந்த வெறும் இடத்தை விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள். நீ உன் பிள்ளையைப் பார்த்த தூரத்தை நான் பஞ்சால் துடைத்து எறிந்திருக்கிறேன். நாளைக்கு அவள் படமும் மங்கினால் அவளுக்கு என்னடி மிச்சம்?

இப்போது ஞாயிறு மத்தியானம். இன்னும் சாப்பிடவில்லை, இதை முடித்துவிட்டுத்தான் சாப்பாடு.

காலைப் பூசையில் இரண்டாவது தூணில் சாய்ந்துகொண்டேன், பொட்டை லென்ஸில் இருக்கிற கோட்டுக்கு நேரே வைத்தேன். முதல் பிள்ளை முன்னால் சரிந்தான், மங்கிவிட்டது. வியர்வையில் கமரா வழுக்கியது. அடுத்தடுத்த பிள்ளைகள் பரவாயில்லை. ஐந்தாவது பிள்ளையும் மங்கல். அந்த இரண்டு தாய்மாருக்கும் என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஏழாவதாக ஜெனி வந்தாள். நன்மை வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் வாங்கின கையோடு திரும்பிப் போனார்கள். இவள் போகவில்லை. கை கூப்பினபடி அசையாமல் நின்றாள். பின்னால் நின்ற பிள்ளை முதுகில் இடித்தது, சுவாமி நிமிர்ந்து பார்த்தார், வரிசையைப் பார்த்த கன்னியாஸ்திரி சிஸ்டர் சைகை காட்டினார். இவள் நின்றாள். இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அவள் கிளிக் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள். பச்சைப் புள்ளி எரிந்தது. அமுக்கினேன். சத்தம் கேட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

படத்தில் இமை மயிரை எண்ணலாம், ஸ்டெல்லா. தலையில் போட்ட நெற் முக்காட்டின் ஓரத்தில் நான் விட்ட நூல்கூடத் தெரிகிறது. அன்ரன் அண்ணை கமராவை வாங்கி வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “பெருப்பிச்சு அடியுங்கோ” என்றார்.

என் பயம் அதோடு போய்விட்டது என்று நினைக்காதே. கதிரையை எந்த இடத்தில் போடுவாய், நீ எங்கே நிற்பாய் என்று அறிந்த ஒரே ஆள் ஜெனிதான். தேய்ந்துபோனது என்று சொன்ன வாயால் அதை அவளிடம் கேட்க முடியாது. உண்மையைச் சொன்னால் அழுவாளா? இனி என்னிடம் வராமலே விட்டுவிடுவாளா? தெரியவில்லை.

ஆனாலும் போவேன். இன்று பின்னேரமே, அளவு நாடாவோடும் ஒரு போத்தல் சிவப்பு நகப்பூச்சோடும் உன் வீட்டுக்குப் போய், நான்தான் அழித்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மன்னித்தால் கதிரையை அவளே போடட்டும், என்னை எங்கே நிற்கச் சொல்கிறாளோ அங்கே நிற்பேன். பச்சைப் புள்ளி எரிகிற இடம் வரைக்கும் வளையத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். பொட்டை அவள் வைக்கட்டும்.

உன் மகளின் ஞானத்தாய்,
றெஜினா