அரிந்து மூடிவைத்த கொத்தமல்லி

மாமா,

மகள் ஒரு மின்சாரக் குக்கர் வாங்கி வந்திருக்கிறாள். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு ஆபீசுக்குப் போய்விடலாம். சாயங்காலம் வந்து திறந்தால் வெந்திருக்கும். விசில் கிடையாது. ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இன்றைக்கு அதில் ஆட்டுக்கறி போட்டிருக்கிறாள். "எவ்ளோ நேரம் வெந்தாலும் ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரியே இருக்குதுப்பா. நீயும் சிதம்பரம் மாமாவும் அந்தக் காலத்துல எப்படித்தான் சமைச்சீங்களோ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் கறி வேகிற வாசம் கூடத்துக்கு வந்தது. வீட்டில் நான் மட்டும். இதில் கரி இல்லை, தணல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய்ச் சன்னல்களையெல்லாம் திறந்தேன். வாசற்கதவையும் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அப்படியும் அந்த விளக்கை நாலு தடவை போய்ப் பார்த்தேன். அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீங்கள் இருந்தவரை அக்காவும் நானும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

கடலூர் முதுநகரில் நாம் இருந்த அந்தப் பின்கட்டு அறை உங்களுக்கு மறந்திருக்காது. அறுபதுகளின் நடுப்பகுதி. அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்து அதிக காலம் ஆகவில்லை. நீங்கள் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் சரக்கு பார்க்கிற வேலையில் இருந்தீர்கள். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அக்கா சிதம்பரத்தில் எங்கள் அப்பா அம்மாவோடு இருந்தாள். ஓட்டல் சாப்பாடு வயிற்றைப் புண்ணாக்கி நீங்கள் சுருண்டு படுத்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அந்தக் கரி குக்கர் நம் அறைக்கு வந்தது. உயரமான பித்தளை உருளை, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் பாத்திரங்கள், அடியில் கரித்தட்டு. தட்டில் கரியைப் பற்றவைத்து, அது கனிந்ததும் உள்ளே தள்ளி மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம்.

எனக்கு அது வந்த நாளிலிருந்தே பயம். தீயை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதா என்று கோர்ட்டில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மதியம் ஒருமுறை சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்ததைக்கூட நீங்கள் கண்டுபிடித்து, வாரம் முழுக்கச் சிரித்தீர்கள். "மச்சான், தீ அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது. நீ ஒன் வேலையப் பாரு" என்பீர்கள். என் பயத்துக்காகவே குக்கரைப் பின்வராந்தாவில், சிமெண்டுத் தரையில், எதுவும் பக்கத்தில் இல்லாதபடி வைத்தோம்.

முதல் மாதம் நாம் தின்றதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. சோறு, பருப்பு, கறி எல்லாவற்றுக்கும் ஒரே ருசி, ஈரத்துணியை மென்ற மாதிரி. உங்களுக்குத்தான் ரோஷம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தைத் திறந்து, தண்ணீராக நின்ற குழம்பைப் பார்த்துவிட்டு, "மூடி வெச்ச பாத்திரத்துலேந்து தண்ணி எங்க போவும்? நாமதான் ஜாஸ்தி ஊத்திக் கெடுக்குறோம்" என்றீர்கள். மறுநாளிலிருந்து தண்ணீர் பாதியானது. இன்னொரு நாள் கரி பற்றத் தாமதமானபோது, நான் சும்மா நிற்காமல் வெங்காயத்தை ஸ்டவ்வில் போட்டுச் சிவக்க வதக்கினேன். அன்றைக்குக் குழம்பில் முதல்முறையாக வீட்டு வாசம் வந்தது. அதற்குப் பிறகு மசாலாவை எண்ணெயில் வறுத்து, கறியையும் அதில் ஒரு புரட்டுப் புரட்டி நிறம் மாறினபிறகுதான் குக்கருக்குள் வைப்பது. கறி அடியில், தணலுக்குப் பக்கத்தில், சோறு மேலே. உப்பைப் பாதி மட்டும் போட்டுவிட்டு மீதியைக் கடைசியில் பார்த்துக்கொள்வது. கொத்தமல்லியும் எலுமிச்சையும் வறுத்துப் பொடித்த மிளகு சீரகமும் மூடிக்குள் போகவே கூடாது என்பது உங்கள் சட்டம். "உள்ள போட்டா வைக்கோலாப் போயிடும். எறக்கினதும் தூவணும், ஒடனே சாப்புடணும்" என்பீர்கள். துறைமுகத்தில் உங்களோடு வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு நம் அறைக்கு வர ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்களில்தான் ஏஜெண்ட் உங்களிடம் பொங்கலுக்குமேல் வேலை நிச்சயமில்லை என்று சொன்னார். "ஒங்கக்காகிட்ட சொல்லிடாத மச்சான், மாசமா இருக்கா" என்றீர்கள். அதற்குப் பிறகு சில சாயங்காலங்களில் உங்களைப் படகுத்துறையில் பார்ப்பேன். தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டீர்கள். எனக்கு அதுவும் பயமாக இருந்தது. கேட்கத் தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சாரல் வராந்தாவுக்குள் அடிக்க, குக்கரை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினோம். அன்று இருவருக்கும் மண்டையைப் பிளக்கிற தலைவலி. நான் வாந்தி எடுத்தேன். நல்லெண்ணெய் கெட்டுப்போயிருக்கும் என்று நீங்கள் எண்ணெய்க் குப்பியைத் தூக்கி எறிந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதாக ஏற்பாடு. நாம் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளை பிறந்ததும் இங்கேயே வந்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். நான் சிதம்பரம் போய் அழைத்து வருவது, நீங்கள் கறிக்குழம்பு வைப்பது என்று முடிவாயிற்று. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தாள்.

பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தோம். மாமா, அந்த வாசத்தை நான் எப்படி எழுதுவேன். வதங்கிய வெங்காயமும் வறுத்த மல்லியும் கொழுப்பும் சேர்ந்து மழைக்குள் மிதந்து வந்தது. அத்தனை மாதங்களில் அப்படி ஒரு வாசம் அந்தக் குக்கரிலிருந்து வந்ததில்லை. அக்கா நின்று மூச்சை இழுத்தாள்.

"மாமாவாடா செஞ்சாரு?"

"அவருதான்."

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "மாமா." பதிலில்லை.

"அசந்து தூங்குறாரு போல. இன்னும் சத்தமா கூப்புடு" என்று அக்கா சிரித்தாள்.

மறுபடி தட்டினேன். உள்தாழ்ப்பாள் லேசாக ஆடிற்று. அப்போதுதான் வராந்தாவைப் பார்த்தேன். குக்கர் அங்கே இல்லை. சிமெண்டில் வட்டமாகக் கரித்தடம் மட்டும், மழையில் கரைந்துகொண்டிருந்தது. போன வாரத்துத் தலைவலி ஞாபகம் வந்தது. எண்ணெயால இல்ல, எண்ணெயால இல்ல என்று உள்ளுக்குள் யாரோ சொல்வது போலிருந்தது. தட்டத் தூக்கின கை அப்படியே நின்றது.

"அக்கா, நீ முன்னால வீட்டுக்காரங்ககிட்ட போய் உக்காரு."

"ஏன்?"

"மழையில நிக்காத."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா?"

"குக்கரு உள்ள இருக்குது. எல்லாத்தையும் சாத்திக்கிட்டு இருக்காரு."

அவளுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. என் குரல் புரிந்தது. எனக்குக் காலை எடுத்து வைக்க முடியவில்லை. அவள் சன்னலுக்குப் போனாள். கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். ஒரு கண்ணாடி உடைந்தது. அடுத்ததையும் அடித்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் உங்கள் பெயரைச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கால் வந்தது. வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்தார். கதவைப் பெயர்த்தோம். நீங்கள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சுகமாகத் தூங்குகிறவர் மாதிரி. உதடு என்றுமில்லாத சிவப்பு. அந்தச் சிவப்புதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்து வந்து முற்றத்து மழையில் போட்டோம். உங்கள் முகத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இமை அசையவில்லை. அக்கா உங்கள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்குது, வண்டி கூட்டியா" என்றாள். குதிரைவண்டியில் உங்கள் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று நான் காத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கரி கனியும்போது வருகிற காற்று இது, வாசமே இருக்காது, கண்கூட எரியாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும் என்றார். பிறகு, "சன்னல ஒடச்சது யாரு?" என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன். அவர் அவளிடம், "நல்லதாப் போச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டுக்கார அம்மா யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "உள்ள தாழ்ப்பா போட்டிருந்திச்சு. கொஞ்ச நாளாவே மனுசன் ஒரு மாதிரியாதான் இருந்தாரு. என்னா கஷ்டமோ." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அக்கா கேட்டுவிட்டாள். என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"மறைக்காம சொல்லு. அவருக்கு ஏதாச்சும் கஷ்டம் இருந்துதா?"

வேலை விஷயத்தைச் சொன்னேன். படகுத்துறையைச் சொல்லவில்லை.

"நான் வர்றேன் வர்றேன்னு அவரு உயிர எடுத்தேன்" என்றாள். "அதான் இப்படிப் பண்ணிட்டாரா?"

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும், மாமா. ஆனால் எனக்கே தெரியவில்லை. கதவைத் தாழிட்டதும் சன்னலைச் சாத்தியதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதுகும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குள் நின்றன. நீங்கள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்துக் கண் திறந்து எங்களைப் பார்த்து, ஏன் காப்பாற்றினீர்கள் என்று கேட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

விடிந்ததும் அப்பா முதல் பஸ்ஸில் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் முனக ஆரம்பித்திருந்தீர்கள், பேச்சு வரவில்லை. மாற்றுத்துணி எடுக்க அக்காவும் நானும் அறைக்குப் போனோம். மழை நின்றிருந்தது. குக்கர் ஆறிக் கிடந்தது. அக்கா துணியைத் தொடவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் மூன்று வாழை இலை, தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. அதைத் தூக்கினாள். பொடிசாக அரிந்த கொத்தமல்லி. பாதியாக வெட்டி விதை எடுத்த எலுமிச்சம்பழம். காகிதத்தில் ஒரு சிட்டிகை மிளகு சீரகப் பொடி.

"இது எதுக்குடா தனியா?"

"எறக்கினப்புறம் போடுறதுக்கு. மாமா முன்னாடியே போட விடமாட்டாரு."

அவள் குக்கரைத் திறந்து, குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் தடுக்கப் போனேன். "உப்பு பத்தல" என்றாள்.

"பாதிதான் போடுவாரு. மீதிய கடைசில பாத்துப் போடுவாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொத்தமல்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்க அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மழைக்குத்தான்டா கதவச் சாத்தியிருக்காரு. சாவ நெனச்ச மனுசன் கொத்தமல்லி அரிஞ்சு மூடி வைப்பாரா?"

அன்று சாயங்காலம் நீங்கள் தெளிவாகக் கண் திறந்தீர்கள். அக்கா முகத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். நீங்கள் கேட்டது, "கொழம்பு என்னா ஆச்சு?"

"கொட்டியாச்சு" என்றாள்.

"உப்புகூடப் பாக்கலியே" என்றீர்கள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீங்கள் பிழைத்ததற்காக மட்டும் என்றுதான் நீங்கள் கடைசிவரை நினைத்திருந்தீர்கள். உங்கள் மேல் ஒரு ராத்திரி முழுக்க அப்படி ஒரு சந்தேகம் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவே கூடாது என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்குமேல் வேலை போனது உண்மைதான். நீங்கள் சிதம்பரத்துக்கே வந்து ரைஸ் மில்லில் கணக்கெழுதப் போனீர்கள். பெண் பிறந்தாள். அந்தக் குக்கரை அக்கா வெளிமுற்றத்தில், வானத்துக்கு நேர்கீழே வைத்தாள். நீங்கள் அதில் தொடர்ந்து சமைத்தீர்கள். உங்களுக்கு அதன்மேல் ஒரு பயமும் இல்லை. எதுவும் ஞாபகம் இல்லையே, தூங்கினவர்தானே நீங்கள். வெளியே நின்றவன் நான்.

அந்தப் பயம் இன்னும் என்னிடமே இருக்கிறது, மாமா. பேரன் கல்லூரியில் படிக்கிறான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் எதையோ மாட்டிக்கொள்வான். ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறேன். இரண்டாம் தடவை தட்டும்போது அவன் பெயர் வாயில் வருவதில்லை. போன வாரம் கதவைத் திறந்து, "யாரத் தாத்தா மாமா மாமான்னு கூப்புடுற?" என்று கேட்டான். அவன் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "சாப்புட வா" என்றேன்.