விளக்குக்காரியை யாரும் சாகடிக்கக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

வாலு, உன் செல்போன் இன்னும் கத்திக்கொண்டேதான் இருக்கிறது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது என்று அதற்கு யார் சொல்வது? இன்று ஹோட்டல் சலவை அறையில் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். "விளக்குக்காரி எங்கே? கப்பல்கள் இருட்டில் தவிக்கின்றன" என்று எவனோ எழுதியிருந்தான். என் பொண்ணு லாரியில அடிபட்டுச் செத்துட்டா, உனக்கு விளக்கு கேக்குதாடா என்று வாய்க்கு வந்தபடி எழுதி அனுப்பினேன்.

மார்ச் 4

அது ஒரு ஆட்டமாம். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆளுக்கு ஒரு வேஷம். ஒரு துறைமுகம், அதில் நீ கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்கிறவள். ஆட்டத்தை நடத்துகிறவர் போன் செய்து அழுதார். அழுது முடித்துவிட்டுக் கேட்கிறார்: "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கதையில விளக்குக்காரிக்கும் ஒரு முடிவு எழுதணும். புயல்ல போற மாதிரி. அது நாங்க அவங்களுக்குச் செய்ற மரியாதை."

மரியாதையாம்! ஒரு தடவை செத்தது போதாதா?

வேண்டாம் என்றேன். "ஆடுறவங்க சேர்ந்து முடிவு பண்றதும்மா. வெளியாளு சொல்லி..." என்று இழுத்தார்.

பெத்தவ வெளியாளா? அப்ப நானும் ஆடுறேன்னு சொல்லிட்டேன்.

மார்ச் 6

"யாரா வரப் போறீங்க?" என்று கேட்டார் நடத்துகிறவர்.

"நான் நானாத்தான் வருவேன்."

"அது முடியாதும்மா. வேற ஆளா வரணும்."

என்ன கருமமோ. சத்திரத்தில் துணி வெளுக்கிறவள் என்றேன். வேறு எது தெரியும் எனக்கு? குணம் என்ன என்று கேட்டார். கோவக்காரின்னு போட்டுக்கோங்க என்றேன்.

மார்ச் 9

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. என் போனில் இரண்டு வரி எழுத்துக்கூட்டி அடிக்க அரை மணி நேரம். விளக்குக்காரி சாவு உருக்கமாக இருக்கட்டும் என்று கொள்ளைக்காரன் வேஷக்காரன் சொல்லியிருந்தான். "துணி வெளுக்கிறவள் கொள்ளைக்காரனைப் பளாரென்று அறைந்தாள். அவன் சுருண்டு விழுந்தான்" என்று எழுதினேன்.

பதறிவிட்டான். "ஆன்ட்டி, நீங்க கைய ஓங்கலாம். அடி பட்டுச்சா, விழுந்தேனான்னு நான்தான் எழுதணும். அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்கதான்."

"அடி வாங்குறவன்கிட்ட கேட்டுட்டா அடிப்பாங்க?"

"இங்க அப்படித்தான் ஆன்ட்டி."

பக்கத்தில் விரிப்பு மடிக்கிறவள் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல வெளையாட்டு கேக்குதா உனக்கு?" என்றாள். உன் மடிப்பப் பாருடி, கோணலா இருக்கு என்றேன்.

மார்ச் 10

லாரி வரலாம். பட்டதா இல்லையா என்று நீதான் சொல்வாய். அப்படி ஒரு சட்டம் ரோட்டில் ஏன் இல்லை? பாவிங்களா.

மார்ச் 14, சனி

மதியம் எல்லாரும் கூடினார்கள். நடத்துகிறவர் புயலை ஆரம்பித்தார். மருத்துவச்சி வேஷக்காரி அதற்குள்ளேயே கண்ணீர் விடுவதாக எழுதினாள். "அலை விளக்கு மாடத்தைத் தொட்டது. விளக்குக்காரி கால் இடறி..." என்று வந்ததும் குறுக்கே புகுந்து எழுதினேன்.

"நிறுத்து. அலை வரட்டும். இடறினாளா இல்லையான்னு அவ எழுதணும். நீ யாருய்யா?"

கொள்ளைக்காரன்தான், "சட்டப்படி ஆன்ட்டி சொல்றது சரி" என்று எழுதினான். நடத்துகிறவர் புயலை அழித்துவிட்டார். இனி மாடம் பூட்டியே கிடக்கும். விளக்கு எரியாது. ஆனால் அவளை யாரும் தொட மாட்டார்கள்.

ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிந்தேன்.

மார்ச் 19

ஆட்டத்தில் கொள்ளைக்காரன் என்னிடம் வெளுக்க ரத்தக்கறைச் சட்டை கொண்டுவந்தான். இதை வெந்நீரிலா போட்டாய் முட்டாளே, கறை பிடித்துக்கொள்ளுமே என்று திட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று மாடத்துக்கு ஏறினேன். "துணி வெளுக்கிறவள் உலர்ந்த போர்வையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்." அதோடு நிறுத்தினேன். உன் போன் மடியில்தான் இருந்தது. "அவங்க போன்ல இருந்து நீங்களே விளக்குக்காரியா பதில் போட்டுடுங்க ஆன்ட்டி, யாரும் கேக்க மாட்டோம்" என்றான் கொள்ளைக்காரன். அவளுக்கு நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மேலே காற்று அதிகம் என்று ஆட்டத்தில் முன்பு எழுதி வைத்திருக்கிறாயே. ஒரு போர்வை போதுமாடி உனக்கு?