நான் படித்துச் சொன்ன ஏர் ஃபில்டர் தாள்

ஜூலை 1, செவ்வாய்

காலையில் வெயில். மூன்று மணிக்கு மழை. கார் கண்ணாடியை ஏற்ற மறந்தேன். சீட் நனைந்தது.

இன்று எட்டு வரி எழுதுவது என்று முடிவு. கோயில் மண்டபத் தமிழ் வகுப்பில் ஐந்து வரி போதும் என்கிறார் டீச்சர். எழுபத்திரண்டு வயதில் எழுத்து வந்தவனுக்கு ஐந்து எப்படிப் போதும்? உள்ளே நிறைய கிடக்கிறது.

புது ஏர் ஃபில்டர் போட்டுப் பத்து நாள். சிவப்புத் துணியில் செய்தது. கழுவிக் கழுவிப் போடலாம், எஞ்சினுக்குக் காற்று நிறையப் போகும், வேகம் கூடும் என்றான் கடைக்காரன். பழையது காகிதம். எடுத்துத் தட்டினால் ஒரு கைப்பிடி மண், காய்ந்த இலை, செத்த பூச்சி.

மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லோரிடமும் சொன்னேன், கார் பறக்கிறது என்று. சின்னையா தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் கேட்டான். ரப்பர் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுக்காரன். பால்மரம் சீவியது சேர்ந்து, எஸ்டேட்டை மூடியதும் புந்தோங்குக்கு வந்தது சேர்ந்து. அவனுக்கு இன்னும் எழுத்து தெரியாது. முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது. இனி சி.

எண்ணிப் பார்த்தேன். எட்டுக்கு மேலேயே வந்துவிட்டது!

ஜூலை 3, வியாழன்

மேகம். வெட்கை.

கார் பட்டறை வைத்திருக்கும் சீனர் ஆ செங் ஒரு புதுக் காகித ஃபில்டரைக் கொடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார் என்றார். சிம்பாங் பூலாய் மேட்டு ரோட்டுக்குப் போனேன். கீழே பாலம் முதல் மேலே பழக்கடை வரை. மிதி முழுசாக.

சிவப்பு – 4 நிமி. 10 வினாடி.
காகிதம் – 4 நிமி. 8 வினாடி.
மறுபடி சிவப்பு – 4 நிமி. 12. (முன்னால் காய்கறி லாரி.)

ஆக, ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து ஆ செங்கிடம் சொன்னேன். சிரித்தார். அவர் மலாயில் சொன்னது: பழைய ஃபில்டர் மண் அடைத்துக் கிடந்தது, புதுசாக எதைப் போட்டிருந்தாலும் கார் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும், சிவப்பில் சத்தம்தான் கூடுதல், சத்தம் கூடினால் வேகம் கூடியது போல மனசுக்குத் தோன்றும்.

மாமாக் கடையில் இதைச் சொல்ல வேண்டும். போனேன். சொல்லவில்லை. உட்கார்ந்ததும் நான்கு பேர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். என் பேச்சைக் கேட்க இதற்கு முன் யாரும் நாற்காலியைத் திருப்பியதில்லை. மேட்டு ரோட்டில் இன்றைக்கும் பறந்தது என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல வெயில். துணி எல்லாம் பத்து மணிக்கே காய்ந்துவிட்டது.

சி. தன் வேனுக்கும் சிவப்பு ஃபில்டர் வாங்கிவிட்டான். அவன் வேன் என் காரைவிட ரொம்பப் புதுசு. என்னைக் கூப்பிட்டுவிட்டான். பெட்டியில் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில், மடித்த ஒரு தாள்.

"மச்சான், நீதான் படிச்ச ஆளாச்சே. என்னா போட்டுருக்கு பாரு."

தாளில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. மலாய், ஆங்கிலம், சீனம். மலாய் பேசுவேன். எழுத்து தெரியாது. அவன் பெண்சாதி அஞ்சலை தேத்தண்ணியோடு நிற்கிறாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வரிக்குக் கீழே விரலை வைத்து மெல்ல ஓட்டினேன், வகுப்பில் செய்வது போலவே.

"நல்லா நனையுற வரைக்கும் எண்ணெய் ஊத்தணுமாம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் போடும் மிஷினுக்குச் சொட்டச் சொட்ட எண்ணெய் விடுவோம். கங்காணி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் வந்திருக்கும்.

ஒரு பாட்டிலில் முழுசாக நனையவில்லை. என் காரின் பின்பெட்டியில் என்னுடைய பாட்டில் திறக்காமலே கிடந்தது. அதையும் கொண்டுவந்து ஊற்றினேன். என் ஃபில்டரை ஆ செங் அப்படியே மாட்டிவிட்டாரே, எண்ணெய் ஏன் விடவில்லை என்று அப்போது தோன்றவே இல்லை.

அஞ்சலை சி.யைப் பார்த்து, அண்ணன் இந்த வயசில் படித்துவிட்டார், நீங்களும் இருக்கிறீர்களே என்றாள். சி. என் முதுகில் தட்டினான். இரண்டு தேத்தண்ணி குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதக்கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை.

எட்டு மணிக்கு அஞ்சலைக்கு ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர். ஏழரைக்குச் சி. போன் அடித்தான். வேன் உதறி உதறிப் போய் சிக்னலில் நின்றுவிட்டது, கிளம்பவில்லை. என் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோடு நெரிசல். போய்ச் சேர முக்கால் மணி.

அஞ்சலை கால்வாய்த் திண்டில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, செருப்பு கையில். என்னைப் பார்த்ததும், அண்ணே வந்துட்டீங்களா என்று முகம் தெளிந்தது. அவளைக் கூட்டிப்போய் விட்டோம். நம்பர் கூப்பிட்டு முடிந்திருந்தது. மூன்று வாரம் தள்ளி வரச் சொன்னார்கள்.

வேன் பக்கம் நின்றபோது எண்ணெய் வாடை அடித்தது. சி.யிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

காலையிலேயே மழை.

ஆ செங் பட்டறை. ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் தேங்கி நிற்கிறது. இந்த ஃபில்டர் கடையிலிருந்து வரும்போதே எண்ணெய் போட்டுத்தான் வருமாம். பாட்டில், கழுவிக் காயவைத்த பிறகு கொஞ்சமாக விடுவதற்காம். அதிகமான எண்ணெய் இழுபட்டுப் போய், காற்றை அளக்கிற ஒரு மெல்லிய கம்பியில் படிந்துவிட்டது. எவ்வளவு காற்று வருகிறது என்று தெரியாமல் எஞ்சின் தடுமாறிவிட்டது. மருந்து அடித்துத் துடைத்தார். காயவைத்து மாட்டியதும் வேன் கிளம்பியது.

யார் இவ்வளவு ஊற்றியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சி. முதலாளியிடம் முந்திக்கொண்டான்.

"தாள்ல அப்படித்தான் போட்டுருக்கு, தவுக்கே. இவன் படிச்சுத்தானே ஊத்துனோம். அச்சடிச்சவன் தப்பு லா."

எனக்காகச் சண்டை போடுகிறான். கழுத்து நரம்பு புடைக்க.

தாள் வேனிலேயே இருந்தது. ஆ செங் எடுத்துப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

மத்தியானம் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். என்னப்பா உடம்புக்கு என்று மகள் தேவி கேட்டாள். சூடு என்றேன். அதுவும் பொய்.

எழுத்து தெரியாது என்று பெருவிரலை மையில் வைத்த நாட்களில்கூட இப்படிக் கூசியதில்லை. இன்றைக்கு நான்கு வரிதான் எழுத நினைத்தேன். கை நிற்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மந்தாரம். மழை இல்லை.

ஐந்து மணிக்குச் சி. வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"மச்சான், அந்தத் தாள்ல தமிழே இல்ல. நான் படிக்கல."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

"பின்னே வெரல வெச்சு ஓட்டுனியே?"

"சும்மா ஓட்டுனேன்."

தண்ணீர்க் குழாயை மூடினான். மேட்டு ரோட்டுக் கணக்கையும் சொன்னேன். கார் பறக்கவில்லை, எந்த ஃபில்டரும் ஒன்றுதான், தெரிந்த பிறகும் கடையில் பொய் சொன்னேன் என்று.

"கார் பறக்காதுன்னு எனக்குத் தெரியாதா லா. நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சி" என்றான். குழாயை மறுபடி திறந்தான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூச்சு வந்தது.

அஞ்சலை கதவோரம் நின்றிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"அண்ணே, போன மாசம் என் ஆஸ்பத்திரித் தாளப் படிச்சீங்களே. பயப்பட ஒண்ணும் இல்லன்னு போட்டுருக்குன்னீங்களே."

அதுவும் மலாய். அன்றைக்கு அவள் அழுகிற மாதிரி இருந்தாள். அதனால் அப்படிப் படித்தேன்.

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். நான் கையை நீட்டினேன்.

அவள் அதைச் சி. கையில் கொடுத்தாள். ஈரக்கை, துடைத்துவிட்டு வாங்குங்கள் என்றாள். அண்ணன் மகள் தேவி வேலை முடிந்து வந்திருப்பாள், அவளிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுங்கள் என்றாள்.