யாழினி கட்டில் மாறிப் படுப்பது பற்றி

சிவசங்கர்,

நேற்று மாலை கூடத்தில் நானும், உன் மனைவி கவிப்பிரியாவும், உன் மகள் யாழினியும், குன்றத்தூரிலிருந்து வந்திருந்த உன் அத்தை சுந்தராம்பாளும் இருந்தோம். நீ ஷிப்டில் இருந்தாய்.

யாழினி ராத்திரியில் எழுந்து உங்கள் கட்டிலுக்கு வந்துவிடுகிறாள் என்று கவிப்பிரியா சாதாரணமாகத்தான் சொன்னாள். உடனே என் தங்கை சுந்தராம்பாள், "கொழந்தைய நடுவுல போட்டுக்கினு படுக்கிறீங்கன்னா உங்களுக்குள்ள இன்னாவோ கீது" என்றாள். என் வீட்டில், என் மருமகளின் முகத்துக்கு நேராக!

குழந்தையையே கேட்டேன். "அப்பா ஒரு வாரம் வூட்ல தூங்குறாரு, ஒரு வாரம் நைட் ஷிப்ட் போறாரு. இருக்காரா இல்லியான்னு தொட்டுப் பாத்தாதான் தெரியுது தாத்தா" என்றாள்.

அவள் வராமலிருக்க உங்கள் அறையைத் தாழிடுங்கள் என்று முன்பு சொன்னவன் நான். அது தவறு. தாழிடாதே.

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. ஊர் திரும்பிவிட்ட உன் அத்தையை நேரில் கேட்கத்தான் நான் குன்றத்தூர் போகிறேன். கவிப்பிரியாவிடம் மன்னிப்புக் கேட்கும்வரை சுந்தராம்பாளுக்கு இந்த வீட்டில் காபி கிடையாது.

அப்பா

பி.கு.: நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை என்று அதற்குள் வடக்குப்பட்டு வரை பேச்சாம். அது பொய். சுவருக்கு இந்தப் பக்கம் என் தூக்கம் கெடும் அளவுக்குப் பேசிக்கொள்கிறீர்கள்.