கடைசிக் கடவாய்ப் பல்

அக்கா,

நேற்று ஒரு குழந்தை என் விரலைக் கடித்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் ஒரகடம் கம்பெனிக்காரரின் மகள். வயதைக் கேட்ட கையோடு வாயில் விரலை விட்டால் கடிக்காமல் என்ன செய்யும்? அவள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விரல் இன்னும் விண்விண் என்கிறது.

தொண்ணூற்றொன்று சித்திரை. நம் பால்வாடியில் எடை போடும் நாள். நீங்கள் ஆயா, நான் பயிற்சி முடித்து வந்த புது டீச்சர், தலைக்கனம் வேறு. தொங்கும் தராசில் அந்தப் பையனை உட்கார வைத்தீர்கள். எட்டுக் கிலோ. வயது கேட்டேன்.

"வர்ற ஐப்பசி வந்தா மூணு" என்றாள் தாய்.

நிற்கவே தள்ளாடுகிற பிள்ளைக்கு இரண்டரை வயதா? "ஒரு வருசத்தச் சேத்துச் சொல்றியேம்மா" என்று சிரித்தேன். ஆளைப் பார்த்து வயதை நானே போட்டேன், ஒன்றரை என்று.

நீங்கள் விடவில்லை. "வாயப் பாருங்க டீச்சர். கடைசிக் கடவாப் பல்லு வந்துகீது. ஒண்ணர வயசுல எங்க வரும்?"

"எடை அட்டைய நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். அதோடு விட்டுவிட்டு, பையனைத் தராசிலிருந்து இறக்கினீர்கள்.

ஒன்றரை வயதுக்கு எட்டுக் கிலோ என்றால் சுமார். இரண்டரை வயதுக்கு என்றால் ஆபத்து. வயதுக்கேற்ற எடையைக் காட்டும் அட்டையில் நான் வைத்த புள்ளி ஆபத்துக் கோட்டுக்கு மேலே பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தால் மட்டும் நான் என்ன கிழித்திருப்பேன்? இரண்டு பங்கு சத்துமாவு, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. அவ்வளவுதான் என் கையில் இருந்தது. அதைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆடியில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. பையன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து தாய் அந்த அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வேற புள்ளைக்கு ஆவும் டீச்சர்."

அவள் போனபின் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "நான் இன்னொரு தபா சொல்லியிருக்கணும்."

சொன்னீர்கள் அக்கா. கேட்காதவள் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். எடை போடும் நாளெல்லாம் நீங்கள் ஒவ்வொரு பிள்ளையின் பல்லையும் எண்ணி உரக்கச் சொல்வீர்கள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வேன். பழியை உங்கள் தலையிலேயே விட்டுவிட்டேன்.

போன மாதம் உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோதும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். தப்பு என்னுடையது அக்கா. இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

மாடிக் குழந்தைக்குக் கடைசிக் கடவாய்ப் பல் வந்துவிட்டது. அவள் அம்மா சொன்ன வயது சரிதான்.