முகத்துவாரத்து நாணல்

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? உன் கரையோர வரைபடத்தின் முதல் பிரதி வந்து சேர்ந்தது. எங்கள் நில அளவை அலுவலகச் சுவரில் பதினோரு வருடமாகத் தொங்கிய என் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் உன்னுடையதை மாட்டிவிட்டார்கள். "தங்கச்சி உட்கார்ந்த இடத்துலேயே முடிச்சுட்டாங்களே!" என்றார் மேலதிகாரி. சிரித்துவைத்தேன். ஒவ்வொரு வளைவையும் நடந்து அளந்தவள் நான். வானத்திலிருந்து பார்த்தால் அப்படி என்ன தெரிந்துவிடும்?

அம்மாவுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் புராணம்தான். நான் பக்கத்து அறையில் இருப்பதுகூட நினைவில்லை. சந்தோஷம்தான், போ.

அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

கோபமா? செயற்கைக்கோள் ஒரே இடத்தைப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரேடாரால் பார்க்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் அசையாத நிலம் வெளிச்சமாக வரும். ஓயாமல் அசைகிற தண்ணீர் கறுப்பாக வரும். இதைத்தான் ஒத்திசைவுப் படம் என்கிறோம். கறுப்பு முடிகிற இடம் கரை. அவ்வளவுதான் என் வித்தை.

ஆனால் முகத்துவாரத்துக்கு வடக்கே, உன் படத்தில் நிலமாக இருக்கும் திட்டு எனக்குக் கறுப்பாக வருகிறது. கடல் தின்றுவிட்டதா? நேரில் பார்த்துப் போனில் சொல்லேன். இருபதாம் தேதி படம் ஒப்புதலுக்குப் போகிறது. இதில் உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் வாலு

மார்ச் 27

வாலு,

போனில் "நேரமில்லடி, உன் படமே சரியா இருக்கும்" என்றேனே, அது பொய். பதினான்காம் தேதியே போய்ப் பார்த்துவிட்டேன். ஆள் உயர நாணல். காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது; அதனால்தான் உனக்குக் கறுப்பு. கீழே கெட்டி மண். நாணலுக்குள் மறைந்தாற்போல் பதினாறு குடிசைகள். நீ தப்புப் பண்ணியதை எல்லாரும் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று, உன் படத்தை வைத்து, அந்த இடம் கடலாகிவிட்டது, காலி செய்யுங்கள் என்று எங்கள் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் கொடுக்கப் போனார்கள். நானும் கூடப் போக வேண்டியிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் தரையை ஓங்கி மிதித்துக் காட்டி, "ஏம்மா, நான் தண்ணியிலயா நிக்கிறேன்?" என்று என்னைத்தான் கேட்டாள். அங்கேயே மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டீஸை நிறுத்திவிட்டார். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். என்னத்தை எழுத? பொறாமை, வேறென்ன.

அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு.

அக்கா

ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

அளவுகள் கிடைத்தன. திருத்திய படத்துக்கு நேற்று ஒப்புதல் வந்துவிட்டது. பதினாறு வீடுகளும் நிலத்தில் இருக்கின்றன. அளந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்.

சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு என்று இங்கே எழுதிக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதை நம்பினேன் என்று எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

திட்டச் சொன்னீர்கள். நான்கு முறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

இனி அளவுகள் ஏதும் இருந்தால் அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வரைபடப் பிரிவு