ஸஹ்றாவுக்கு வியாழக்கிழமை ட்றயல்

அன்பு மகன் சியாமுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அந்தக் கட்டார் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதி, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பி வரும் றிம்சானிடம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி கார் ஓடப் பழகுவது உனக்கு விருப்பமில்லை என்று தெரியும். பஸ்காரர்கள் பறக்கிற பறப்பில் பிள்ளை என்ன ஆவாள் என்று கேட்டாய், நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஆனால் சீனி வருத்தத்தில் இடது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு வாப்பாவால் கிளச்சை மிதிக்க முடியவில்லை, கிழமைக்கு இரண்டு நாள் மருந்து கட்டவும் போக வேண்டும். போன மாதம் அடைமழையில் ஓட்டோ கிடைக்காமல், கட்டுப்போட்ட காலைப் பொலித்தீன் பையால் சுற்றிக்கொண்டு சந்தியில் ஒரு மணித்தியாலம் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் ஸஹ்றா, "வாப்பா, நாளைக்கே எனக்குக் கார் பழக்குங்க" என்றாள். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ.

பழகுகிறவர்கள் போடுகிற எல் போட்டைக் காரில் கட்டிக்கொண்டு வாப்பாவே நாவிதன்வெளி வயல் றோட்டில் பழக்கினார். மூன்றாம் நாள் கச்சிமுகம்மது மாமா எதிரே மோட்டார் சைக்கிளில் ஸலாம் சொல்லிக்கொண்டு வர, இவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை நெற்றிவரை தூக்கிப் பதில் சொல்ல, காரின் முன்சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. வயலில் நின்றவர்கள் தூக்கிவிட்டார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். "ஸலாத்துக்கு வாயால பதில் சொன்னாக் காணும், கை எதுக்குப் புள்ள?" என்று வாப்பா கேட்க, "நீங்கதானே வாப்பா இவ்வளவு காலமும் கையத் தூக்கித் தூக்கி ஓடினீங்க, அதுவும் ஓடுறதுல சேர்த்தி எண்டு நினைச்சன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விரல் எடுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை மகன்.

நேற்று வாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்முனை பஸ் நிலையத்தைத் தாண்டி ஆசுபத்திரிவரை அவளே ஓடினாள். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஓதலெல்லாம் ஓதினேன். கண்ணைத் திறந்தபோது ஆசுபத்திரி வாசலில் நிற்கிறோம்.

வியாழக்கிழமை லைசன்ஸுக்கு ஓடிக்காட்டுகிற ட்றயல். ஆனால் "காக்கா ஓம் எண்டு சொல்லாம நான் போகமாட்டன் உம்மா" என்று உன் சொல்லுக்காகப் பிடிவாதமாக இருக்கிறாள். பயம் எனக்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வாப்பாவை நடுச்சந்தியில் வைத்துக்கொண்டு நிற்கிற பயம் அதைவிடப் பெரிது. நீ வேண்டாமென்றால் அவள் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிடுவாள், ஆனால் அதை நீயே அவளிடம் சொல்ல வேண்டும், என் வாயால் சொல்லமாட்டேன்.

வாப்பா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். அல்லாஹ் உன் உடம்புக்கும் உழைப்புக்கும் பறக்கத் செய்வானாக. வெயிலில் தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி. வியாழக்கிழமை நீ அங்கே சுபஹு தொழுதவுடன் கதைத்தால் இங்கே அவள் வெளிக்கிட நேரம் சரியாக இருக்கும். மறந்துவிடாதே மகன், போகமாட்டேன் என்கிறவள் அன்றைக்கு உடுக்கிற அபாயாவை அயன்பெட்டியால் மினுக்கித் தொங்கவிட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஹாஜறா,
மருதமுனை.